சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவருக்குக் காய்ச்சல் இல்லாமலே ரத்தத்தில் கிருமித் தொற்று வருமா?

வரும். என் அப்பாவுக்கு வந்தது. இதைக் கேட்கிறீர்கள் என்றால் வீட்டில் ஒருவர் சோர்ந்து படுத்திருக்கிறார், தெர்மாமீட்டர் மட்டும் நார்மல் காட்டுகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மீதியை அங்கே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

அன்று காலை அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். சரியாகப் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் இல்லை, 98.2தான். பக்கத்து கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். வெள்ளையணுக்கள் 6,200, நார்மல், தூக்கம் போதவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் அவருக்கு என் பெயர் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் பஸ்ஸை நிறுத்துவதுபோல் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். மணிக்கட்டு சரிந்து சரிந்து எழுந்தது. கல்லீரல் கோளாறு மூளையைக் குழப்பும்போது இப்படி ஆகும். அப்புறம் பழைய ஃபைலைப் புரட்டினார். "இவருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கு, அது வெள்ளையணுக்களைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால எப்பவும் 2,500தான் இருக்கும். 6,200 இவருக்கு ரொம்ப அதிகம்மா" என்றார். ஆன்டிபயாடிக் ஏற்றுவதற்கு முன்பே கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு இரண்டு கையிலிருந்தும் ரத்தம் எடுத்தார். வயிற்றில் தேங்கியிருந்த நீரிலும் ஊசி போட்டு சாம்பிள் எடுத்தார். இரண்டாம் நாள் ரத்தத்தில் ஈ.கோலை வளர்ந்திருந்தது.

வெளியிலிருந்து வந்ததில்லை, நம் குடலிலேயே இருக்கிற கிருமிதான். குடலிலிருந்து வரும் ரத்தத்தைக் கல்லீரல்தான் வடிகட்டி அனுப்பும். அது தழும்பேறிச் சுருங்கிவிட்டால் ரத்தம் பக்கவழியாகச் சுற்றிப் போய்விடுகிறது, கிருமியும் கூடவே போகிறது. எதிர்ப்புச் சக்தியும் குறைந்திருப்பதால் காய்ச்சல்கூட வராமல் போகலாம். குழப்பம், சிறுநீர் குறைவது, பிரஷர் இறங்குவது, இவைதான் முதலில் தெரியும்.

நான் டாக்டர் இல்லை. குழப்பம் என்றாலே தொற்று என்றும் சொல்லவில்லை. மலச்சிக்கல், ரத்தக்கசிவு, சோடியம் குறைவு எல்லாமே குழப்பத்தைக் கொண்டுவரும். பயமுறுத்துகிறேன் என்று சண்டைக்கு வர வேண்டாம். தொற்று இல்லை என்பதை டெஸ்ட் சொல்லட்டும், தெர்மாமீட்டரை நம்பி இருந்துவிடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். பழைய ரத்த ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே இருந்த பதினொரு நாளும் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை வருஷமா குடிக்கிறார்?" அப்பா ஒரு சொட்டு தொட்டதில்லை. இருபது வருடச் சர்க்கரை, கொழுப்புக் கல்லீரலில் ஆரம்பித்தது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஹெபடைடிஸ் பி வைரஸால் வந்தது, அவர் மனைவியிடமும் இதையே கேட்டார்கள். குடித்தே வந்திருந்தாலும் கட்டில் பக்கத்தில் நின்று கேட்கிற கேள்வியா அது? நாலாம் நாளிலிருந்து எங்கள் அம்மா சொந்தக்காரர்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.