எடையைக் குறைத்துவிட்டு மீண்டும் ஓடத் தொடங்கினால் கணைக்கால் எலும்பு வலிப்பது ஏன்? எப்படித் தொடங்குவது?

18 கிலோ குறைத்துவிட்டு, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓடத் தொடங்கியிருக்கிறீர்கள். மூச்சு சிரமமின்றி வருகிறது, ஆனால் பத்தே நாளில் முழங்காலுக்குக் கீழே முன்புற எலும்பு வலிக்கிறது, உடல் இலேசாகியும் ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நானும் உட்கார்ந்திருந்தேன். அதனால் எனக்கு நேர்ந்ததிலிருந்தே விடை சொல்கிறேன்.

இராமேசுவரத்துக்கு எதிர்க்கரையில் உள்ள மண்டபம் என்ற ஊரில் மீன்வலைக் கடை நடத்துகிறேன். எனக்கு 46 வயது. கல்லூரிக் காலத்தில் 5,000 மீட்டர் ஓடியவன், கடையில் உட்கார்ந்த இருபது ஆண்டுகளில் 94 கிலோ ஆனேன். இரவுச் சோற்றை நிறுத்தி, மாலையில் நடந்து, பதினான்கு மாதங்களில் 73 கிலோவுக்கு வந்தேன். வந்த வாரமே தனுஷ்கோடிச் சாலையில் ஓடப் போனேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையில், வடகடல் ஒரு பக்கமும் தென்கடல் மறுபக்கமுமாக ஓடுகிறவனுக்கு நின்று திரும்ப மனம் வராது. மூன்றாம் நாளே 5 கிலோமீட்டர் ஓடினேன். மூன்றாம் வார இறுதியில் இடது கணைக்கால் எலும்பின் உள்ஓரத்தில், ஒரு விரல் நுனி அளவு இடத்தில் வலி வந்தது. கடைப் படியில் இறங்கினால்கூட அந்த இடம் மட்டும் சுருக்கென்று குத்தியது. மருத்துவர் ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார்.

காரணம் இதுதான். 94 கிலோவைச் சுமந்து பழகிய இதயமும் நுரையீரலும் 73 கிலோவைச் சுமக்கும்போது, பயிற்சியே இல்லாமலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை குறைந்துவிடுகிறது. ஓடத் தொடங்கினால் இரண்டொரு வாரங்களிலேயே இரத்த ஓட்டமும் அதற்கேற்பச் சீராகிவிடும். கால் எலும்பும் தசைநாரும் அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. புதிய பளு விழும்போது எலும்பு முதலில் தேய்ந்த பகுதியைக் கரைத்துவிட்டு, அதன் பிறகே அங்கே புதிதாகக் கட்டுகிறது. கரைப்பது சில வாரங்களில் முடிகிறது, கட்டுவதற்கு மாதங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில்தான், அதாவது ஓட்டம் நமக்கு மிக எளிதாகத் தோன்றத் தொடங்கும் மூன்றாம், நான்காம் வாரங்களில்தான், எலும்பு சற்றுப் பலவீனமாக இருக்கிறது. போதாததற்கு, உணவைக் குறைத்து இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, எலும்பின் அடர்த்தியும் சிறிது குறையக்கூடும். உடலில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும், நடக்கும்போது முழங்காலில் ஏறக்குறைய நான்கு கிலோ பளு குறைகிறது என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே நீங்கள் இளைத்தது மூட்டுக்குப் பெரிய நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. சுமை குறைந்ததாலேயே பழைய கயிறு புதுக்கயிறு ஆகிவிடாது.

முதலில் உங்கள் வலி எந்த வகை என்று பாருங்கள். எலும்பின் உள்ஓரம் நெடுகப் பரவி, ஓடத் தொடங்கியதும் சற்றே தணிகிற வலியென்றால், பெரும்பாலும் ஓட்டத்தைக் குறைத்து நடைக்குத் திரும்பினாலே சில வாரங்களில் அடங்கிவிடும். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்தாலும், ஓட ஓடக் கூடினாலும், இரவில் படுத்திருக்கும்போது வலித்தாலும் அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் விழும் நுண்கீறல் முதல் வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரிவதில்லை; எனவே படத்தில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் நம்பி மறுபடி ஓடிவிட வேண்டாம். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவராக இருந்தால், அந்த அளவு உங்கள் பழைய எடைக்கு எழுதப்பட்டதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆறு வாரத்துக்குப் பிறகு நான் தொடங்கிய விதம் இது. அரை மணி நேரம் வேகமாக நடந்து, மறுநாள் காலையிலும் வலி இல்லை என்று இரண்டு வாரம் உறுதி செய்துகொண்டேன். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என எட்டு முறை. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் கட்டாயம் ஒரு நாள் இடைவெளி. ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடியாவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். கணைக்காலில் சிறு உறுத்தல் இருந்தால்கூட ஓட்டத்தைக் கூட்டாமல் அந்த வாரத்தையே மறு வாரமும் செய்தேன். நான்காம் வாரத்தை இப்படி மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. பழைய ஓட்டக்காரர்களுக்கு இதுவே மிகக் கடினமான பகுதி, ஏனென்றால் நம் உடல் மறந்த பிறகும் மனம் பழைய வேகத்தை நினைவில் வைத்திருக்கிறது.

அடியெடுப்பையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு என் வலது கால் 76 முறை தரையைத் தொட்டது. அடியைச் சிறிதாக்கி அதை 81 ஆக்கினேன். அடி எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து விழுக்காடு கூட்டினால் முழங்காலில் விழும் பளு குறையும். எனக்குக் கணைக்காலிலும் மாற்றம் தெரிந்தது.

கடற்கரைக்காரர்கள் பலரும் மணலில் ஓடினால் காலுக்கு நல்லது என்பார்கள். அரியமான் கடற்கரையின் சவுக்கு மரங்களுக்குக் கீழே காலை நேரத்தில் ஓடுவது இனிமைதான். ஆனால் கால் புதையும் மணலில் ஓடக் கெட்டித் தரையைப் போல் ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது, குதிகால் அமிழ அமிழ ஆடுசதையும் குதிகால் தசைநாரும் இழுபடுகின்றன. அலை நனைத்துக் கெட்டியான மணலோ கடலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். முதல் மூன்று மாதம் சமமான மண்தரையையோ சாலையையோ தேர்ந்தெடுங்கள். ஆடி மாதத்தில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள்.

தசையைத் திரும்பக் கட்டாமல் ஓட்டம் நிலைக்காது. வாசல் படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலை மெல்ல உயர்த்தி, நான்கு எண்ணும் வரை படிக்குக் கீழே இறக்குவேன். பதினைந்து பதினைந்தாக மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் வாரம் பன்னிரண்டாவது முறையிலேயே ஆடுசதை நடுங்கியது.

உணவில் இன்னும் குறைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஓடத் தொடங்கிய முதல் இரண்டு மாதமாவது எடையை அப்படியே நிறுத்துங்கள். பட்டினியோடு ஓடினால் எலும்பு கட்டப் பொருள் இருக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் என்ற கணக்கில் எனக்கு 90 முதல் 115 கிராம் வரை தேவைப்பட்டது. நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கும். சூடையும் நெத்திலியும் எங்களூரில் மலிவு, மீதிக்கு முட்டையும் பயறும். சோற்றைச் சற்றுக் கூட்டியதும் தராசில் ஒரு கிலோ ஏறும். அது தசையில் சேரும் மாவுச்சத்தும் அதோடு சேரும் நீரும்தான். பயந்து மீண்டும் குறைத்துவிடாதீர்கள்.

பழையபடி 5 கிலோமீட்டர் ஓட எத்தனை நாளாகும் என்று கேட்டிருந்தீர்கள். மறுபடி தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குப் பின் ஒரு தை மாத விடியலில், பாம்பன் சாலைப் பாலத்தை மண்டபம் பக்கமிருந்து கடந்து, அக்கரையில் நிற்காமல் திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இடது கணைக்காலில் அந்தப் பழைய இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை.