ஹீட் பம்ப் வாங்கும் முன் காற்றையும் தண்ணீரையும் பாருங்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் வீடுகளுக்குக் குளிக்கும் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் மாட்டிக் கொடுக்கும் வேலை என்னுடையது. குழுவில் வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (செம்மடுவு): அண்ணா, தோட்டத்து வீட்டில் நாலு ரூம் வாடகைக்கு விடுகிறோம். மார்கழி, தையில் மூடுபனி இறங்கினால் சோலார் படுத்துவிடுகிறது. வெளியே இருக்கிற குளிரில் ஹீட் பம்ப் மட்டும் எப்படி வேலை செய்யும்?

பதில்: ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை மெஷின் குழாய்களுக்குள் சுற்றும் கேஸ் உறிஞ்சுகிறது, கம்ப்ரசர் அதை அழுத்தித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. வெயில் வேண்டியதில்லை, காற்று போதும். ஏற்காட்டில் விடியற்காலை 13 டிகிரி பக்கம் இறங்கினாலும் அதில் எடுப்பதற்குச் சூடு இருக்கிறது.

கணக்கு இப்படி. 200 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 50க்குக் கொண்டுபோக சுமார் 8 யூனிட் சூடு வேண்டும். கீசரில் அது முழுக்க மின்சாரம். ஹீட் பம்பில் 3 யூனிட் பக்கம் முடிந்துவிடும். குளிர் கூடக் கூட இந்த லாபம் குறையும், அதனால் விடிகாலை 4 மணிக்கு ஓடவிடாதீர்கள். டைமரை பகல் 11 முதல் 4 வரை வையுங்கள். அந்த நேரத்துக் காற்றுதான் மலையில் கொஞ்சம் சூடானது. டேங்க் நல்ல இன்சுலேஷனோடு இருந்தால் மறுநாள் காலைக் குளியலுக்கு அந்தச் சூடு நிற்கும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: இது மெதுவாகச் சூடாக்கும் மெஷின். நாலு ரூம் ஆட்களும் ஒரே நேரத்தில் குளித்து டேங்க் காலியானால் மறுபடி நிரம்பிச் சூடாக மணிக்கணக்கில் ஆகும். டேங்க் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேள்வி (அஸ்தம்பட்டி): நானும் வீட்டுக்காரரும் மட்டும்தான். மாட்டலாமா சார்?

பதில்: வேண்டாம் அம்மா. சேலத்துத் தண்ணீர் முக்கால்வாசி நாள் 27 டிகிரிக்குக் குறையாது. சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். இரண்டு பேருக்கு 60 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு மிச்சமாவது ஒரு யூனிட்தான், இரண்டு மாத பில்லில் 60 யூனிட். போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும். சின்ன கீசர் போதும். ஆறேழு பேர் இருக்கிற வீடு, அல்லது பில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால் கதை வேறு.

கேள்வி (மஞ்சக்குட்டை): மழையில் நனையாமல் இருக்க, காப்பி மூட்டை வைக்கிற சின்ன ரூமுக்குள் வைக்கலாமா?

பதில்: கதவைச் சாத்தினால் கூடாது. மெஷின் வெளியே விடும் காற்று சில்லென்று இருக்கும். அதையே அது திரும்ப இழுத்தால் ரூம் குளிர்ந்து, மெஷின் திணறும், கரண்ட் இழுக்கும். வெளியில் கூரை போட்டு வையுங்கள், விசிறிக்கு முன்னால் சுவர் இருக்கக் கூடாது. உங்கள் பக்கம் சில்வர் ஓக் இலை வலையில் அப்பிக்கொள்ளும். மாதம் ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தட்டி எடுங்கள். வலைக்குப் பின்னால் மெல்லிய தகடுகளோடு இருக்கும் காயிலை மெல்லிய பிரஷால், மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். கார் கழுவுகிற பம்பை வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும்.

கேள்வி (கருப்பூர்): எங்கள் போர் தண்ணீர் கடும் உப்பு. கீசர் எலிமென்ட் வருஷத்துக்கு ஒன்று போகிறது.

பதில்: வெள்ளைக்கல் (மாக்னசைட்) வெட்டுகிற பூமியாயிற்றே! வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்லில் இருக்கிற மக்னீசியம்தான் டேங்குக்குள் தொங்கும் ஆனோடு கம்பியிலும் இருக்கிறது. டேங்க் இரும்பு அரிக்காமல், அதற்குப் பதிலாகத் தன்னைக் கரைத்துக்கொள்ள விடப்பட்ட கம்பி அது. பெரும்பாலானவர்கள் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், டேங்க் ஓட்டையான பிறகு கம்பெனியைத் திட்டுகிறார்கள்.

உப்புத் தண்ணீரில் வருஷம் ஒரு முறை கம்பியைக் கழற்றிப் பாருங்கள். மக்னீசியம் கரைந்து உள்ளே இருக்கும் நடுக்கம்பி வெளியே தெரிந்தால் மாற்றும் நேரம். தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் போட்டால் படிமானம் குறையும், ஆனால் ஆனோடு இன்னும் சீக்கிரம் கரையும், அதனால் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள். அடிப்பக்க டிரெயின் குழாயை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து வண்டலை வெளியேற்றுங்கள். மேட்டூர் தண்ணீர் வருகிறதென்றால் ஹீட்டருக்கு அதையே திருப்பிவிடுங்கள்.

கேள்வி (கோரிமேடு): அண்ணா, பிரஷர் பம்ப் போட்டதிலிருந்து ஹீட்டர் வால்வில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பிளம்பர் அந்த இடத்தில் பிளக் போட்டு அடைத்துவிடலாம் என்கிறார்.

பதில்: அடைக்காதீர்கள்! அந்த ஆளை அதைத் தொடவே விடாதீர்கள்.

200 லிட்டர் தண்ணீர் 15லிருந்து 55 டிகிரிக்குப் போனால் இரண்டரை லிட்டருக்கு மேல் விரியும். முன்பு அது வந்த வழியே மாடித் தொட்டிக்கு ஏறிப் போய்விட்டது. இப்போது பம்போடு, தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வும் வந்திருக்கும், திரும்பும் வழி மூடிவிட்டது. அதனால் டேங்கில் அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு தன் வேலையைச் செய்கிறது. அதையும் அடைத்தால், சூடு போதுமானதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட் என்றைக்காவது கோளாறாகும் நாளில் டேங்க் வெடிக்கும்.

செய்ய வேண்டியது இரண்டு. விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்றைக் குளிர்ந்த தண்ணீர் வரும் குழாயில், நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் பொருத்துங்கள். வால்வு வாயிலிருந்து ஒரு குழாயைச் சரிவாக, நடுவில் எந்த அடைப்பானும் இல்லாமல், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சாக்கடைக்கு விடுங்கள். சூடாக்காத நேரத்திலும் சொட்டு நிற்கவில்லை என்றால் வால்வு பழுது, அல்லது பம்ப் அழுத்தம் அதிகம். வால்வின் மேலேயே அளவு பொறித்திருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (சூரமங்கலம்): வருஷாவருஷம் கேஸ் நிரப்ப வேண்டுமா?

பதில்: இல்லை தம்பி. மூடிய சுற்று அது. குறைந்திருந்தால் எங்கோ லீக். லீக்கை அடைக்காமல் கேஸ் மட்டும் அடிக்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): 45 டிகிரி வைத்தால் கரண்ட் மிச்சம்தானே?

பதில்: மிச்சம்தான். ஆனால் வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லீஜியோனெல்லா கிருமி வளரும். தினசரி 50-55 வையுங்கள், வாரம் ஒரு முறை 60க்கு மேல் ஏற்றுங்கள். சில மாடல்களில் இதற்குத் தனி பட்டன் உண்டு. அன்றைக்குக் குழந்தைகளைக் குளிக்க வைக்கும்போது விளாவிப் பார்த்து ஊற்றுங்கள்.

கேள்வி (நாகலூர்): சேலத்தில் வாங்கி, டெம்போவில் படுக்க வைத்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம். இன்றைக்கே போடலாமா?

பதில்: இன்றைக்கு வேண்டாம். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள். அதற்குள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி லைன், எம்சிபி (லோடு கூடினால் கரண்டை நிறுத்துவது), ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் நிறுத்துவது), நல்ல எர்த் எல்லாம் போட்டுக்கொள்ளுங்கள். மலையில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசரும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாடியில் வைப்பதாக இருந்தால் தண்ணீரோடு 300 கிலோ வரை வரும், பீம் போகிற இடமாகப் பார்த்து வையுங்கள். சுடுதண்ணீருக்கு சிபிவிசி அல்லது பிபிஆர் குழாய்தான், சாதா பிவிசி இளகிவிடும். அப்புறம், டேங்க் நிரம்பி எல்லாக் குழாயிலும் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.