அம்மாவின் சுகர் மாத்திரையும் சிபிடி எண்ணெயும்

வணக்கம். டொராண்டோவில் இருக்கும் உங்கள் அம்மா மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் எடுக்கிறார், முழங்கால் வலிக்கு சிபிடி எண்ணெய் (கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது) கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மெட்ஃபார்மினை மட்டும் வைத்துச் சொன்னால் பயம் குறைவு. அதைக் கல்லீரல் உடைப்பதில்லை. சிறுநீரகம் அப்படியே வெளியேற்றிவிடும். சிபிடி கை வைப்பது மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளில். ஆனால் இரண்டுமே வயிற்றைக் கலக்கும். ஏற்கெனவே மெட்ஃபார்மினால் வயிற்றுப்போக்கு இருந்தால் இன்னும் மோசமாகலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. வேறு சுகர் மாத்திரை ஏதும் உண்டா? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கிளிக்ளசைடு என்றிருந்தால் கதையே வேறு. அதை உடைக்கும் நொதிகளைச் சிபிடி தடுக்கக்கூடும். மருந்து உடம்பில் தேங்கினால் சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிடும். சிபிடி தூக்கத்தையும் தரும், பசியையும் குறைக்கும். ராத்திரி சாப்பிடாமல் படுத்தவருக்கு சுகர் இறங்கினால், அசதியில் தூங்குகிறார் என்றுதான் வீட்டில் நினைப்போம்.

எண்ணெய்ப் புட்டியையும் மாத்திரைகளையும் அப்படியே மருந்தாளரிடம் காட்டுங்கள். புட்டியில் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) எவ்வளவு என்றும் பாருங்கள், வயதானவர்களுக்கு அது தலைசுற்றல் தரும். கல்லீரல் பரிசோதனை சமீபத்தில் செய்தாரா? சிபிடி அளவு கூடினால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகளின் அளவு ஏறக்கூடும். அப்புறம், எண்ணெய்க்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.