‘வழக்கை நடத்தவில்லை’ என்று தள்ளுபடி: உங்கள் கையில் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். 2023 மார்ச்சில் என்னைக் கைது செய்தபோது போலீஸார் தாக்கியதாக, 2025 பிப்ரவரியில் நூவர்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நானே வழக்குத் தொடுத்தேன். அதன்பின் வீடு மாறினேன். தபால் அலுவலகத்தில் புதிய முகவரியைக் கொடுத்தேன், நீதிமன்றத்துக்குச் சொல்லவில்லை. வழக்கைத் தொடர்ந்து நடத்தாததால் தள்ளுபடி செய்ததாக 19 நாட்களுக்கு முன் உத்தரவாகியிருக்கிறது. அதில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று உள்ளது. எனக்கு மனு எழுதித் தந்தவர், “அப்படியானால் புதிதாகவே போட்டுவிடலாம், 1,200 டாலர் ஆகும்” என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அவருக்குப் பணமும் கொடுக்காதீர்கள்.

‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்றால், மறுபடி வழக்குத் தொடுக்கும் உரிமையை இந்த உத்தரவு பறிக்கவில்லை என்று பொருள். அந்தச் சொல் இல்லாமலிருந்தால், கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதி 41(பி)-யின்படி, இத்தகைய தள்ளுபடி பொதுவாக வழக்கை விசாரித்துத் தோற்றதற்குச் சமமாகிவிடும். ஆகவே மனு எழுதித் தந்தவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. இதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

அரசு அதிகாரிகள் உரிமையை மீறினால் வழக்குத் தொடுக்க வழிசெய்யும் 1983-ஆம் பிரிவுக்கு (அது 1871-இல் பிறந்த சட்டம், 1983 என்பது பிரிவின் எண், ஆண்டு அல்ல) தனியாக ஒரு காலவரம்பு கிடையாது. அந்தந்த மாநிலத்தில் உடற்காயத்துக்கு உள்ள வரம்பே இதற்கும் பொருந்தும். நியூ ஜெர்சியில் அது இரண்டு ஆண்டு. உங்கள் இரண்டு ஆண்டு 2025 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. பிப்ரவரியில் தொடுத்த வழக்கு அந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் இப்படித் தள்ளுபடியான வழக்கைக் காலவரம்புக் கணக்கில் தொடுக்கப்படாத வழக்காகவே நீதிமன்றங்கள் கருதுகின்றன. நீங்கள் 405 டாலர் கட்டி இன்று புதிதாகத் தொடுத்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே பக்க வாதத்தில் அதை முடித்துவிடுவார். வாசல் திறந்திருக்கிறது என்று உத்தரவு சொல்கிறது. காலவரம்போ அந்த வாசலைச் சென்ற ஆண்டே அடைத்துவிட்டது. இந்த நிலையில் உள்ள தள்ளுபடி, பெயருக்கு எப்படியிருந்தாலும், நடைமுறையில் இறுதித் தீர்ப்புதான். அதனாலேயே அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் முடியும்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது பழைய வழக்கை, அதே வழக்கு எண்ணில், உயிர்ப்பிப்பது. உத்தரவு தேதியிலிருந்து 28 நாட்களுக்குள், அதே நடைமுறை விதிகளில் தீர்ப்பைத் திருத்தக் கோர வழிசெய்யும் விதி 59(இ), தீர்ப்பிலிருந்து விடுவிக்கக் கோர வழிசெய்யும் விதி 60(பி) இரண்டையும் தலைப்பிலேயே குறிப்பிட்டு, உத்தரவை நீக்கக் கோரும் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். ‘மறுபரிசீலனை மனு’ என்று மட்டும் தலைப்பிட வேண்டாம். அந்த நீதிமன்றத்தின் உள்ளூர் விதி அதற்கு 14 நாள்தான் தருகிறது. விதி 60(பி)-யில் கவனக்குறைவைக் காரணம் காட்டி ஓராண்டுவரை போகலாமே என்று யாரேனும் ஆறுதல் சொன்னால் நம்பிக் காத்திருக்காதீர்கள். 28 நாளுக்குள் மனு போனால், மேல்முறையீட்டுக்கான 30 நாள் அந்த மனுவின் முடிவிலிருந்து எண்ணப்படும். தாண்டிவிட்டால் அந்த வசதி போய்விடும். சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். தபாலில் போடாதீர்கள், நேரில் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

மனுவில் சட்டம் பேசத் தேவையில்லை, நடந்ததைத் தேதியோடு சொன்னால் போதும். இப்படித் தள்ளுபடி செய்வது சரியா என்று பார்க்க, நியூ ஜெர்சிக்கு மேலுள்ள மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984-இல் பூலிஸ் வழக்கில் ஆறு கேள்விகளை வகுத்தது. தவறு உங்களுடையதா, எதிர்த்தரப்புக்கு அதனால் பாதிப்பு உண்டா, இதற்கு முன்பும் இழுத்தடித்தீர்களா, வேண்டுமென்றே செய்தீர்களா, இதைவிட மென்மையான தண்டனை போதாதா, வழக்கில் சாரம் உண்டா என்பவை அவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் தபால் அலுவலகம் தந்த முகவரி மாற்றச் சான்றையும் இணையுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் மழுப்பாதீர்கள்: முகவரி மாறினால் ஏழு நாளுக்குள் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே விதி, நீங்கள் தெரிவிக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு, புதிய முகவரியைத் தனிக் கடிதமாகவும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

இனி அந்த மனு எழுதும் நண்பரைப் பற்றி. மளிகைக் கடை அறிவிப்புப் பலகையில், வரிக்கணக்கு, விசா, ‘கோர்ட் பேப்பர்’ எல்லாம் ஒரே அட்டையில் போட்டுத் தொலைபேசி எண் ஒட்டியிருப்பவர்களை நான் பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன். உரிமம் இல்லாமல் சட்ட ஆலோசனை சொல்வது நியூ ஜெர்சியில் குற்றம். இவர்கள் படிவத்தை நிரப்புவார்கள், கையெழுத்து உங்களுடையது. தவறு நேர்ந்தால் காகிதத்தில் அவர்கள் பெயரே இருக்காது. சிலர் நீதிமன்றக் கடிதங்கள் தங்கள் அலுவலகத்துக்கே வரட்டும் என்று அவர்கள் முகவரியைப் போட்டுவிடுவதும் உண்டு. உங்கள் மனுவின் முதல் பக்கத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். நோட்டரி கையெழுத்துக்கு என்று தனியாகப் பணம் கேட்பது இன்னொரு வேடிக்கை. ஃபெடரல் நீதிமன்றத்தில், பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்று சட்டம் சொல்லும் வாசகத்தை எழுதித் தேதியிட்டு நீங்களே கையெழுத்திட்டால், அந்த உறுதிமொழிக்கு நோட்டரியே வேண்டாம்.

வழக்கறிஞர் வைத்திருந்தால் தப்பியிருப்பேன் என்றும் நினைக்காதீர்கள். ரயில்வே கடவையில் நடந்த விபத்துக்காக 1954-இல் இந்தியானாவில் தொடுக்கப்பட்ட லிங்க் வழக்கில், ஒரு மதிய ஆலோசனைக் கூட்டத்துக்கு வழக்கறிஞர் வரவில்லை. காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருந்தார். இருந்தும் நீதிபதி அன்றே, எவரும் கேட்காமலேயே, வழக்கைத் தள்ளினார். 1962-இல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்று அதை ஏற்றது. வழக்கறிஞரை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், அவர் செய்ததை நீங்களே சுமக்க வேண்டும் என்றது.

எனக்கு ஆற்றாமை வேறிடத்தில். திரும்பி வந்த உங்கள் உறையை எழுத்தர் ஸ்கேன் செய்து, ‘சேர்க்க இயலாமல் திரும்பியது’ என்று பதிவேட்டில் வரிசை எண் போட்டு ஏற்றியிருப்பார். கடிதம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்துக்கு அப்போதே தெரியும். அடுத்த எச்சரிக்கையும் அதே காலி வீட்டுக்குத்தான் போயிருக்கும்! கடைசியாகத் தெரிந்த முகவரிக்குத் தபாலில் சேர்த்த கணமே வழங்கப்பட்டதாகிவிடும் என்று விதி சொல்கிறது. யாரும் தொலைபேசியை எடுக்க வேண்டியதில்லை.

ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்களைத் தரும் பேசர் (PACER) என்னும் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி அந்தப் பதிவேட்டை இறக்குங்கள். பக்கத்துக்கு 10 சென்ட். காலாண்டில் 30 டாலரைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. திரும்பிய உறையின் பக்கத்தை அச்செடுத்து மனுவின் முதல் இணைப்பாக வையுங்கள்.