ஆப்டிகல் கேபிளில் ப்ரீஆம்ப் சேர்த்ததிலிருந்து ரெக்கார்டிங்கில் 'டிக்' சத்தம் வருகிறது. க்ளாக், சாம்பிள் ரேட் எப்படி அமைப்பது?

எட்டுச் சேனல் மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஒன்றை, பல சேனல் ஒலியை ஒளியாக அனுப்பும் ஏடாட் ஆப்டிகல் கேபிளில், இன்டர்ஃபேஸோடு (ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) இணைத்திருக்கிறீர்கள். இரண்டிலும் சாம்பிள் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது (ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்) என்பது, 48 கிலோஹெர்ட்ஸ்தான். ஆனாலும் டிக் டிக் என்கிறது, பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலியின் அளவை) 1024 சாம்பிள் வரை ஏற்றியும் போகவில்லை என்கிறீர்கள். பாதிப் பதில் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. பஃபர் ஏற்றியும் போகாத டிக் என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். இரண்டு பெட்டியிலும் க்ளாக் (எப்போது அளப்பது என்று தாளம் போடும் கடிகாரம்) 'இன்டர்னல்', அதாவது அதன் சொந்தக் க்ளாக், என்று இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இதே இடத்தில் ஒரு வாரத்தைத் தொலைத்தவன் நான். கேபிள் மாற்றினேன், டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், வைஃபையைக்கூட அணைத்துப் பார்த்தேன். கடைசியில் மைக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றை ப்ரீஆம்ப்பின் லைன் இன்புட்டில் விட்டுப் பதிவு செய்தேன். அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், வழவழவென்று போகும் வளைவில் ஓர் இடத்தில் மட்டும் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. அடுத்தது சுமார் இரண்டு விநாடி தள்ளி. அதற்கடுத்ததும் அதே இடைவெளியில். சில வெட்டு பெரிதாக இருந்தது, சிலது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வளைவின் உச்சியில் விழுந்தால் தெரியாது, நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் விழுந்தால் நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் திணறி வருகிற சத்தத்துக்கு இந்த ஒழுங்கு இருக்காது. அது வேலை கூடும்போது வரும், குறைந்தால் போய்விடும்.

ஏன் இரண்டு விநாடி? ஒரே நேரம் வைத்த இரண்டு சுவர்க்கடிகாரங்கள் ஒரு மாதம் கழித்து ஒரே நேரமா காட்டுகின்றன? அதே கதைதான். ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தமாக, தாளம் போடும் ஒரு கிரிஸ்டல் உண்டு. இரண்டும் 48,000 என்று சொன்னாலும், இரண்டுக்கும் இடையே லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், விநாடிக்குக் கிட்டத்தட்ட அரை சாம்பிள் பிசகும். இரண்டு விநாடிக்கு ஒரு சாம்பிள் மிஞ்சும், அல்லது பற்றாமல் போகும். ஒலியைப் பெறுகிற பெட்டி ஒரு சாம்பிளைத் தூக்கி எறியும், இல்லையென்றால் முந்தையதையே இன்னொரு தடவை போடும். அந்த ஒட்டுதான் உங்களுக்குக் கேட்கிற டிக். அமைதியான இடத்தில் கேட்காது, நீண்ட ஸ்வரத்தில் துல்லியமாகக் கேட்கும்.

ஆகவே ஒரு பெட்டியின் க்ளாக்கை மற்றது பின்பற்ற வேண்டும். சரி, எதை மாஸ்டராக்குவது, அதாவது எதன் க்ளாக்கைப் பின்பற்றுவது? இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். கம்ப்யூட்டரோடு இணைந்திருப்பது இன்டர்ஃபேஸ், ஆகவே அதுதான் தலைவன் என்று நினைக்கிறோம். ஆனால் ஏடாட், எஸ்பிடிஃப் (இன்னொரு வகை டிஜிட்டல் ஒலி இணைப்பு) இரண்டிலும் ஒலி போகிற கேபிளிலேயே க்ளாக்கும் போகிறது. ப்ரீஆம்ப்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரே ஒரு கேபிள் என்றால், இன்டர்ஃபேஸின் க்ளாக் ப்ரீஆம்ப்பைப் போய்ச் சேர வழியே இல்லை. எனவே ப்ரீஆம்ப்பை இன்டர்னலில் வையுங்கள். இன்டர்ஃபேஸின் மென்பொருளைத் திறந்து, க்ளாக் சோர்ஸ் என்ற இடத்தில் ஏடாட் அல்லது ஆப்டிகல் என்று மாற்றுங்கள். லாக் அல்லது சிங்க் விளக்கு மினுக்காமல் நின்று எரிய வேண்டும்.

இன்டர்ஃபேஸ்தான் மாஸ்டராக இருக்க வேண்டுமென்றால், அதன் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ப்ரீஆம்ப்பின் ஆப்டிகல் இன்னுக்கு இன்னொரு கேபிள் போடுங்கள். அல்லது இரண்டிலும் வேர்ட் க்ளாக் (க்ளாக்கை மட்டும் அனுப்பும் இணைப்பு) இருந்தால் 75 ஓம் பி.என்.சி. கேபிள் போடலாம். வரிசையில் கடைசிப் பெட்டியில் 75 ஓம் டெர்மினேஷன் (கேபிளின் முனையில் வரும் மின்தடை) மறக்கக்கூடாது. நான் இன்டர்ஃபேஸைத்தான் மாஸ்டராக வைத்திருக்கிறேன். ப்ரீஆம்ப் மாஸ்டராக இருந்தபோது அதை அணைத்துவிட்டு இன்டர்ஃபேஸை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போய், க்ளாக்கே இல்லாமல் விழித்திருக்கிறேன். பாடகர் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

க்ளாக்குக்கென்றே தனிப் பெட்டி வாங்கினால் ஒலி தெளியும் என்று யாராவது சொன்னால், இரண்டு பெட்டி வைத்திருக்கும் நமக்கு அது தேவையில்லை.

இனி சாம்பிள் ரேட். எதை வைத்தாலும் எல்லா இடத்திலும் ஒன்றே இருக்க வேண்டும்: ப்ரீஆம்ப், இன்டர்ஃபேஸ், ரெக்கார்டிங் மென்பொருளின் ப்ராஜெக்ட், கம்ப்யூட்டரின் சவுண்ட் செட்டிங். கடைசியதைத்தான் எல்லோரும் மறப்போம். 44.1-இல் பதிவானதை மாற்றாமல் 48-இல் ஓட்டினால் ஸ்ருதி ஒன்றரை செமிடோன் அளவுக்கு ஏறும், மூன்று நிமிடப் பாட்டு சுமார் 15 விநாடி முன்னதாக முடிந்துவிடும். இன்டர்ஃபேஸ் வெளி க்ளாக்கைப் பின்பற்றும்போது ரேட்டை ப்ரீஆம்ப்பில்தான் மாற்ற வேண்டும். ப்ராஜெக்ட்டில் மட்டும் மாற்றிவிட்டு 'மாறவே மாட்டேன் என்கிறது' என்று அதைத் திட்டிப் பயனில்லை.

எதை வைப்பது என்று கேட்டால் 48 என்பேன். வீடியோவுக்கு அதுதான் வழக்கம், விநாடிக்கு 24, 25, 30 ஃபிரேம் எதுவானாலும் மீதியில்லாமல் வகுபடும். 44.1 என்ற விசித்திர எண், டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்த காலத்து மிச்சம்: வரிக்கு 3 சாம்பிள், 245 வரி, விநாடிக்கு 60 ஃபீல்டு (பாதி ஃபிரேம்), பெருக்கினால் 44,100. சிடிக்காக என்றால் அதில் வேலை செய்யுங்கள். 96-க்குப் போகுமுன் ஒன்றைக் கவனியுங்கள்: ஏடாட் கேபிள் ஒன்றில் 48 வரை எட்டுச் சேனல், 96-இல் நான்குதான். எட்டு மைக் வாங்கி வைத்துவிட்டு நான்கு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

அப்புறம், கூடவே யூ.எஸ்.பி. மைக்கும் சேர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக அதற்கு வெளியிலிருந்து க்ளாக் கொடுக்க வழி கிடையாது. மேக் என்றால் அக்ரிகேட் டிவைஸில் (பல ஒலிக் கருவிகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) இன்டர்ஃபேஸை க்ளாக் சோர்ஸாக வைத்து, க்ளாக் பிசகைச் சரிசெய்யும் 'ட்ரிஃப்ட் கரெக்ஷன்' கட்டத்தில் மைக்குக்கு மட்டும் சரிக்குறி போடுங்கள். என்னைக் கேட்டால், அந்த மைக்கை ஓரமாக வைத்துவிட்டு ப்ரீஆம்ப்பில் காலியாக இருக்கும் சேனலில் வேறொரு மைக்கைச் செருகுவேன்.