ஸ்கோர் எழுதியவள்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 26. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெண்ணியவாதி அல்ல, ஆண்களை வெறுப்பவளும் அல்ல. இரவில் ஒரு மணி நேரம் வேலோரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவேன். ஐந்து பேர் கொண்ட அணி. எதிரி எங்கே நிற்கிறான் என்று மைக்கில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே ஆடினால்தான் ஜெயிக்க முடியும். நான் வாயைத் திறந்ததும் ஆட்டம் போய்விடுகிறது. "சமையல் முடிந்ததா?" என்று தொடங்கி, இங்கே எழுத முடியாததுவரை வரும். அதனால் ஆண் பெயரில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, மைக்கை அணைத்துவிட்டு ஆடுகிறேன். தோற்றால், வாய் திறக்காத ஊமை என்று அதற்கும் திட்டு விழுகிறது.

நண்பர் ஒருவர் சொல்கிறார்: "காமிக்ஸும் வீடியோ கேமும் ஆண்கள் ஆண்களுக்காக உண்டாக்கியவை. நீங்கள் எல்லாம் நேற்று வந்தவர்கள். வந்த இடத்தில் அனுசரித்துப் போகவேண்டும்." கோபம் வந்தது, பதில் வரவில்லை. பெண் பாத்திரங்களின் உடையைப் பற்றிப் புகார் சொல்வது மிகையா? மாடஸ்டி பிளைசி என்ற காமிக்ஸ் சாகச நாயகியைக் கொண்டாடிய தமிழ் வாசகர்கள் அவ்வளவு மோசமில்லை அல்லவா? முக்கியமாக, நான் மைக்கைப் போடலாமா, வேண்டாமா?

ச.,
கோயம்புத்தூர்

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். அந்த வசைகளை நட்சத்திரக் குறி போட்டு எழுதியிருந்தீர்கள், அவற்றையும் எடுத்துவிட்டேன். எடுக்காமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. "முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெண்ணியவாதி அல்ல." உங்களை யார் கேட்டார்கள்? கல்லடி பட்டு மருத்துவரிடம் போகிறவள், "எனக்குக் கல்லின் மேல் பகை ஒன்றும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டா உள்ளே நுழைவாள்? உங்கள் அணியில் வாய்க்கு வந்தபடி பேசுகிறவன் இப்படி ஒரு முன்னுரை போட்டுவிட்டா பேசுகிறான்? அடுத்த கடிதத்திலும் அந்த வரி இருந்தால் மேற்கொண்டு படிக்கமாட்டேன் அம்மணி.

உடை விஷயத்தில் எனக்கு அதிக அக்கறை இல்லை. அமெரிக்காவில் பெண்களின் காமிக்ஸுக்காக வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர் டிரினா ராபின்ஸ். 1970இல் முழுக்கப் பெண்களே வரைந்த காமிக்ஸ் இதழைக் கொண்டுவந்தவர். அதற்கு முந்தைய வருடம் வாம்பிரெல்லா என்ற ரத்தக்காட்டேரிக்கு, உடை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அந்தச் சிவப்புத் துணியை வடிவமைத்ததும் இதே டிரினாதான். ஆகவே துணியை அளப்பதை விட்டுவிடுவோம்.

மாடஸ்டி? 1984இல் லயன் காமிக்ஸின் முதல் இதழே மாடஸ்டிதான். எங்கள் வீட்டிலும் இருந்தது, அட்டை கிழியும்வரை படித்தோம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். ஆகவே அந்த ஆறுதலும் வேண்டாம்.

உங்கள் நண்பரின் "நேற்று வந்தவர்கள்" என்ற சொல்தான் என்னைக் குத்தியது. சில மாதங்களாகவே இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

1990 மே மாதம், காரைக்குடி. சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி, ஒரே ஒரு ஜாய்ஸ்டிக், அதன் தலையில் சிவப்புப் பொத்தான். உள்ளே பல ஆட்டங்கள் இருந்தாலும் நாங்கள் ஆடியது ஒன்றைத்தான். அதற்கு ஏரோப்ளேன் கேம் என்று பெயர் வைத்திருந்தோம். கீழிருந்து மேலாக ஓர் ஆறு. அதன் மேல் விமானம் பறக்கும். கரையில் இடித்தால் வெடிக்கும். கப்பலைச் சுட்டால் 30, ஹெலிகாப்டருக்கு 60, பாலத்தைத் தகர்த்தால் 500. பெட்ரோல் தீர்ந்துகொண்டே வரும், ஆற்றில் நிற்கும் பெட்ரோல் தொட்டியின் மேல் பறந்தால் நிரம்பும். அதே தொட்டியைச் சுட்டால் 80 கிடைக்கும், ஆனால் பெட்ரோல் கிடைக்காது. ஆசையா, பிழைப்பா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். நீல ஆறும் பச்சைக் கரையும் என்று பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் கறுப்பு வெள்ளை டிவியில் எல்லாம் சாம்பல்.

ஆடியவர்கள் நால்வர்: நான், பெரியப்பா மகன்கள் இருவர், எதிர்வீட்டுப் பையன். என் தங்கைக்கு அப்போது பத்து வயது. அவளும் கேட்டாள். "உன் கையெழுத்துதான் அழகு, நீ ஸ்கோர் எழுது" என்றார் பெரிய அண்ணன். அவள் மகிழ்ந்துபோனாள் என்பதுதான் இதில் கொடுமை. ஜவுளிக்கடையில் கொடுத்த டைரி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நான்கு கட்டம் போட்டாள், நான்கு பெயர். ஐந்தாவது கட்டம் போட அவளுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

நாங்கள் அவரவர் ஆட்டத்தை மட்டுமே பார்ப்போம். மற்றவன் ஆடும்போது சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அவள் ஒருத்திதான் நான்கு பேர் ஆட்டத்தையும் கண் எடுக்காமல் பார்த்தாள். இரண்டு வாரம் போனதும் டிவிக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வர ஆரம்பித்தது. "அடுத்து ஆறு இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் போ, அங்கேதான் பெட்ரோல் இருக்கிறது." நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்று உங்களுக்குத் தெரியும். "வாயை மூடு, கவனம் கலைகிறது." ஆனால் இடதுபக்கம்தான் போனோம். பெட்ரோல் இருந்தது.

டைரியின் பின்பக்கங்களில் அவள் அந்த ஆற்றையே வரைந்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்துக்கு ஒரு பாலம். இரண்டு கோடுகளுக்கு நடுவே தண்ணீர், தீவுக்கு ஒரு முட்டை வடிவம், பெட்ரோல் நிற்கும் இடத்தில் "பெ". ஹெலிகாப்டருக்கு ஒரு சின்னத் தும்பி. அந்தப் படத்தை மனப்பாடம் செய்துதான் பெரிய அண்ணன் எங்கள் எல்லோரையும் முந்தினார். தெருவுக்குள் அவருக்குச் சாம்பியன் என்று பெயர். தங்கைக்கு ஒரு தடவைகூட ஜாய்ஸ்டிக்கைக் கொடுக்கவில்லையா என்று கேட்காதீர்கள், கொடுத்தோம். மின்சாரம் போய்த் திரும்பி வந்து, வோல்டேஜ் குறைந்து, படம் நெளிந்துகொண்டிருக்கும் நேரங்களில்.

அந்த ஆட்டத்தின் உண்மைப் பெயர் ரிவர் ரெய்டு. 1982இல் வந்தது. தனியாளாக அதை எழுதியவர் கேரல் ஷா என்ற பெண். எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற எனக்கு இது தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. மொத்த ஆட்டமும் 4 கிலோபைட். நீங்கள் எனக்கு அனுப்பிய கடிதம் கணினியில் அதைவிட அதிக இடத்தை அடைக்கிறது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் மைல் கணக்கில் ஓடும் ஆற்றை வரைந்து வைக்க முடியாது. ஆகவே கேரல் ஷா ஆற்றை வரையவே இல்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பிறப்பிக்கும் ஒரு கணக்கை எழுதினார். அந்த எண்கள் கரையாகவும் தீவாகவும் கப்பலாகவும் ஆகிக்கொண்டே போகும். பார்ப்பதற்குத் தாறுமாறாகத் தெரியும். ஆனால் தொடக்க எண் எப்போதும் ஒன்றுதான். அதனால் எத்தனை முறை ஆடினாலும் அதே ஆறு, அதே இடத்தில் அதே பெட்ரோல். நாங்கள் நால்வரும் அதிர்ஷ்டம், அதிர்ஷ்டம் என்று கூவிக்கொண்டிருந்த இடத்தில் ஒழுங்கு இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் ஸ்கோர் எழுதியவள். கலிஃபோர்னியாவில் ஒருத்தி ஒளித்து வைத்ததைக் காரைக்குடியில் ஒருத்தி டைரியில் வெளியே எடுத்திருக்கிறாள். நடுவில் நாங்கள் நால்வர், ஜாய்ஸ்டிக்கோடு.

கேரல் ஷா 1978இல் அடாரி என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் சேர்ந்தவர். மின்பொறியியலும் கணினியும் படித்தவர். அங்கே சுற்றிப் பார்க்க வந்த நிறுவனத் தலைவர், ஒருவழியாக நமக்கும் ஒரு பெண் கிடைத்துவிட்டாள், இனி அழகுசாதன நிறங்களைப் பொருத்திப் பார்க்கவும் வீட்டு அலங்காரத்துக்கும் கேம் செய்யலாம் என்ற பொருளில் பேசினாராம். அந்த இரண்டிலும் தனக்கு ஆர்வமே கிடையாது என்று கேரல் ஷா பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிறகு அவர் ஆக்டிவிஷனுக்குப் போனார். கேம் எழுதியவர் பெயரை வெளியில் போடுவதில்லை என்ற அடாரியின் வழக்கத்தில் மனம் கசந்து வெளியேறியவர்கள் தொடங்கிய நிறுவனம் அது. ரிவர் ரெய்டின் கையேட்டில் அவர் பெயரும் படமும் அச்சாயின. மாமா கொண்டுவந்த போலிப் பெட்டியில் யார் பெயரும் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் நாங்களாகவே ஓர் ஆணை உட்காரவைத்துக்கொண்டோம். உங்கள் நண்பரும் அதைத்தான் செய்கிறார். இதை அவரிடம் சொல்லுங்கள். இரண்டு தடவை சொல்லுங்கள்.

காமிக்ஸிலும் இந்த ஸ்கோர் எழுதும் வேலை உண்டு. 1941இல் பிறந்த வொண்டர் வுமனை அடுத்த வருடமே ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர்ஹீரோக்களின் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். துப்பாக்கிக் குண்டைக் கைவளையால் தடுக்கிறவள். அவளுக்கு என்ன பொறுப்பு கொடுத்தார்கள் தெரியுமா? சங்கத்தின் செயலாளர். ஆண்கள் சண்டைக்குக் கிளம்புவார்கள், அவள் வாழ்த்தி அனுப்பிவிட்டுக் கூட்டக் குறிப்பை எழுதுவாள். உன் கையெழுத்துதான் அழகு!

அந்தக் கதைகளை எழுதிய இடத்திலும் ஒரு பெண் இருந்தார். வொண்டர் வுமனைப் படைத்த மார்ஸ்டன் 1944இல் தம் மாணவி ஜாய் ஹம்மலை உதவிக்குச் சேர்த்தார். ஹம்மலுக்கு அப்போது வயது இருபதுகூட நிரம்பியிருந்ததா என்பது சந்தேகம். முதலில் தட்டச்சு வேலை. பிறகு மார்ஸ்டன் நோயில் விழ, ஹம்மலே கதைகளை எழுத ஆரம்பித்தார். ஒன்றிரண்டு அல்ல, 1947இல் விலகும்வரை எழுபதுக்கும் மேல். இதழில் அச்சான பெயர் சார்ல்ஸ் மௌல்டன், மார்ஸ்டனின் புனைபெயர். ஹம்மலுக்கு விருது கிடைத்தது 2018இல், 94 வயதில். அந்த விருதின் பெயர் பில் ஃபிங்கர் விருது. பேட்மேனை உருவாக்கியதில் பாதிப் பங்கு இருந்தும் வாழ்நாளில் உரிய பெயர் கிடைக்காமல் செத்துப்போனவர் ஃபிங்கர்.

ஆண் பெயரில் கணக்கு வைத்திருப்பதைத் திருட்டுத்தனம் போலக் கூனிக் குறுகி எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். 1940இல் பிரெண்டா ஸ்டார் என்ற பத்திரிகைக் காமிக்ஸ் தொடரைத் தொடங்கிய மெஸிக்கின் இயற்பெயர் டாலியா. ஆண் என்று நினைத்தால்தான் ஆசிரியர்கள் பிரித்தே பார்ப்பார்கள் என்று டேல் ஆனார். அடுத்த வருடம் மிஸ் ஃப்யூரியை வரைந்த ஜூன் டார்பே மில்ஸ், ஜூனை வெட்டிவிட்டு டார்பே மில்ஸ் என்று கையெழுத்துப் போட்டார். நீங்கள் நல்ல வரிசையில்தான் நிற்கிறீர்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள்.

மைக் விஷயத்தைக் கேட்டிருந்தீர்கள் அல்லவா. மறந்தே போனேன். போடுங்கள் என்று வீரமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வெறும் வார்த்தைதானே என்றும் சொல்லமாட்டேன். வீடியோ கேம்களில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்று பேசிய அனிதா சர்க்கீசியன், 2014 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்தார். வந்தால் சுட்டுத்தள்ளுவோம் என்று மிரட்டல் வந்தது. கூட்டத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதை அந்த மாநிலச் சட்டப்படி தடுக்க முடியாது என்றார்கள். அவர் பேச்சை ரத்து செய்தார். அவர் கோழை இல்லை. ஆகவே களைத்துப்போன இரவில் மைக்கை அணைத்துவிட்டு ஆடுங்கள், அதற்காக மனம் குமைய வேண்டாம். தெம்பு இருக்கும் இரவில் போடுங்கள். வசை வந்தால் பதில் பேசாதீர்கள், எதிரி எங்கே என்பதை மட்டும் சொல்லுங்கள், ஆட்டம் முடிந்ததும் புகார் பொத்தானை அழுத்துங்கள். திட்டிக்கொண்டே நீங்கள் சொன்ன பக்கம்தான் போவான். எனக்குத் தெரியும், நான் போயிருக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த இரவு தங்கையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். திருச்சியில் கணக்கு ஆசிரியை. அந்த டைரி இருக்கிறதா என்று கேட்டேன். அம்மா எடைக்குப் போட்டு வருடக்கணக்காகிறது என்றாள். ஏரோப்ளேன் கேமை எழுதியது ஒரு பெண் தெரியுமா என்றேன். கேரல் ஷா, 4 கிலோபைட், மாறாத ஆறு என்று எல்லாவற்றையும் பத்து நிமிடம் விளக்கினேன். விளக்குகிற பழக்கம் மட்டும் எங்களை விட்டுப் போகாது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அவளுக்காவது ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தார்களா?"