ஹெச்.ஐ.வி.க்கு மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டால் போதாதா, மாதாமாதம் கவுன்சிலிங் எதற்கு?

வீட்டில் யாருக்கோ புதிதாகத் தெரிய வந்து இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் இதையேதான் கேட்டோம். ஏ.ஆர்.டி. சென்டரில், அதாவது ஹெச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் அரசு மையத்தில், மாத்திரை இலவசம், ஒரு நாளைக்கு ஒன்று. அப்புறம் எதற்கு உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள் என்று என் அண்ணன் சலித்துக்கொள்வார்.

மூன்று வருடம் முன்பு அவருக்கு விடாத இருமல். ஒரு தனியார் கிளினிக்கில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். ஹெச்.ஐ.வி. இருப்பதை அங்கே சொல்லவில்லை, டிபியை சென்டரில் சொல்லவில்லை. தப்புதான். ஆனால் இரண்டு இடத்திலும் தெரிந்த முகங்கள் இருந்தால் யாருக்கும் வாய் வராது. அவரைத் திட்டி யாரும் கமென்ட் போட வேண்டாம்.

அந்த மாதமும் கவுன்சிலர் மேடம் இருமல், காய்ச்சல், ராத்திரி வேர்வை உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார் அண்ணன். எடை பார்த்தால் நாலு கிலோ குறைவு. வேறு மாத்திரை? அதுவும் இல்லை. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், யூரின் ஆரஞ்சு கலர்ல போகுதா?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம்தான் உண்மை வந்தது.

டிபி மருந்தில் இருக்கும் ரிஃபாம்பிசின்தான் யூரினை ஆரஞ்சு கலராக்குமாம். அதுவே, ஹெச்.ஐ.வி. மாத்திரையில் இருக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்தின் அளவையும் உடம்பில் இறக்கிவிடுமாம். அன்றைக்கே டாக்டர் 12 மணி நேரம் தள்ளிச் சாப்பிட இன்னொரு 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் எழுதினார். டிபி சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் வரை அது தொடர்ந்தது. டிபி மருந்தையும் சென்டரிலேயே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள். ஒரு தேதி தவறினால் ஃபோன் வந்துவிடும். அந்தக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. அரசுக்கு ஜால்ரா போடுகிறேன் என்றும் சொல்லாதீர்கள், டோக்கன் வாங்கி அரை நாள் காத்திருந்தவர்கள்தான் நாங்களும். வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் உங்களுக்கும் இருந்தால், சம்மதம் இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 ஹெச்.ஐ.வி. சட்டமே இருக்கிறது. எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு இலவசமாகப் பேசலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை மருந்து வந்த பிறகும் பத்திரிகைகளில் "உயிர்க்கொல்லி நோய்" என்று எழுதுகிறார்களே, அதை எப்போது விடுவார்கள்? அண்ணன் தினமும் வேலைக்குப் போகிறார், போன மாதம் மகளுக்குக் கல்யாணத் தேதி குறித்தார். காலைப் பேப்பரில் அந்த வார்த்தை வந்தால் இன்றும் அண்ணி அந்தத் தாளை மட்டும் உருவி எடுத்து வைத்துவிடுகிறார்.